கரியன் போன பிறகு வெள்ளச்சி: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 24, 2025, புதன்

நேற்று இரவு கரியன் போய்விட்டான். 14 வயது ஆண் பூனை, நாள்பட்ட சிறுநீரக நோய். இனி இந்தக் குறிப்புகள் கூடவே வளர்ந்த வெள்ளச்சியைப் பற்றியவை. வயது 9, குடும்பக் கட்டுப்பாடு செய்த பெண் பூனை, இன்று காலை எடை 4.2 கிலோ. துணையை இழந்த பூனைக்கு முதல் நாளிலேயே எடை பார்த்து எழுதிவிட வேண்டும். பின்னால் வரும் எல்லா முடிவுக்கும் இந்த எண்தான் ஆதாரம்.

உடலை எடுத்துப்போவதற்கு முன் கொஞ்ச நேரம் கூடத்தில் பழைய துண்டின்மேல் கிடத்தி, வெள்ளச்சியை அவள் போக்கில் விட்டாயிற்று. காதோரம் முகர்ந்தாள், பின்னங்காலை முகர்ந்தாள், மேலுதடு தூக்கி வாய் லேசாகத் திறந்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டாள். சில பூனைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுவும் இயல்புதான். இப்படி முகரவிட்டால் துக்கம் குறையும் என்பதற்கு நிரூபணம் இல்லை, கெடுதலும் இல்லை. தூக்கிக்கொண்டு போய் மூக்கை உடலில் வைத்து அழுத்துவதுதான் கூடாது.

இறந்தது தொற்றுநோயில் என்றால் கதையே வேறு. பூனைப் பார்வோ என்கிற பான்லுகோபீனியா, ரேபிஸ் சந்தேகம், இரண்டிலும் உடலை நெருங்கவே விடக் கூடாது. பார்வோ கிருமி வீட்டில் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். சோற்றுத் தட்டு, மணல் தட்டு, படுக்கை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையில் 10 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அதுவரை பூனை வேறு அறையில் இருக்கட்டும். காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், எலி மருந்தாகவும் இருக்கலாம். மிச்சமிருக்கும் பூனையை அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சோர்ந்து படுத்திருப்பதைத் துக்கம் என்று எண்ணி உட்கார்ந்திருந்தால் அதுவும் போய்விடும்.

சாவு விழுந்த வீட்டைக் கழுவிவிடுவது நம் வழக்கம். கழுவும் கையோடு இறந்ததன் படுக்கையையும் துவைத்துப் போடத் தோன்றும். வேண்டாம். பூனைக்கு வீடு என்பது வாசனை. பாதி வாசனையை ஒரே நாளில் அழித்தால், துணை போன அதிர்ச்சியோடு இடம் மாறிய அதிர்ச்சியும் சேரும். கரியனின் துண்டு பீரோ மேல் அப்படியே இருக்கிறது. அவனுடைய மணல் தட்டும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

பினாயில் அறவே கூடாது. பீனால் வகைப் பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட வெந்நீரில் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொரு முறை துடைத்தால் போதும்.

செப்டம்பர் 25, வியாழன்

நேற்று காலை நாலு வாய். அதன்பின் ஒன்றுமில்லை. தட்டை முகர்ந்துவிட்டு, கரியன் தட்டு இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மனிதர் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் களைப்புதான். பூனைக்கு அப்படியல்ல. சாப்பாடு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ஈரலுக்கு வந்து குவியும், அதைச் செலவழிக்க ஈரலால் முடியாது. இரண்டு மூன்று நாளிலேயே கொழுப்பு ஈரல் நோய் தொடங்கிவிடலாம். குண்டான பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறும் காதின் உட்பக்கமும் மஞ்சளாகத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாவிட்டால் டாக்டருக்குப் போன், 48 மணி நேரத்தை எட்டவே விடக் கூடாது. கொஞ்சம் சாப்பிடுகிறதே என்று இருந்துவிடவும் முடியாது. பாதி வயிறு பல நாள் நீடித்தாலும் இதே இடத்தில்தான் போய் நிற்கும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70 ஆல் பெருக்கினால், சும்மா படுத்திருக்கும் பூனைக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி. 4.2 கிலோவுக்கு சுமார் 205. தோலில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 165 கலோரி இருக்கும். உலர் தீனி பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 வரை, பையின் பின்பக்கம் பாருங்கள். வைத்ததையும் மிஞ்சியதையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதினால்தான் கணக்கு உதவும்.

இன்று செய்தவை: மத்தி மீன் இரண்டை உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து, சாற்றோடு கோழிக்கறியில் பிசைந்தது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், குழம்பில் வெந்து கரைந்திருந்தாலும் அதே கதிதான். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் சூடு, அதாவது 38 டிகிரி பக்கம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சோற்றில் வாசனை எழும்பாது, வாசனை இல்லாததைப் பூனை தொடாது. மீசை இடிக்காத அகலத் தட்டில் ஒரு மேசைக்கரண்டி அளவு, 20 நிமிடம். தொடாவிட்டால் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக. நாள் முழுக்கத் தட்டை முன்னாலேயே வைத்திருந்தால் அந்த வாசனையே வெறுத்துப்போகும்.

சிரிஞ்சில் வாயில் புகட்டுவதை வீட்டில் ஆரம்பிக்க வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. போகாவிட்டாலும் சாப்பாட்டைக் கண்டாலே பூனை ஓட ஆரம்பித்துவிடும்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் டாக்டர். தட்டுவரை வந்து, உதட்டை நக்கி, எச்சில் விழுங்கித் திரும்பினாள். இது பசியின்மை அல்ல, குமட்டல். இதைக் கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடியும். ரத்தப் பரிசோதனையில் ஈரல், சிறுநீரகம், தைராய்டு மூன்றும் சரி. எட்டு ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பூனை என்றால் இந்தப் பரிசோதனை இல்லாமல் துக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. கத்தல், தூக்கமின்மை, மறைந்துகொள்ளுதல் எல்லாம் தைராய்டிலும் ரத்த அழுத்தத்திலும் அப்படியே வரும்.

குமட்டலுக்கு மரோபிடன்ட் ஊசி. பசிக்கு மிர்ட்டாசபின், 7.5 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. இந்த அளவு அவளைச் சோதித்த டாக்டர் அவளுக்காகச் சொன்னது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இடைவெளி மாறும், அளவு கூடினால் பூனை நிலைகொள்ளாமல் கத்தும். வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரையைத் தொடவே வேண்டாம். பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லும். தூங்கட்டும் என்று டயசிபம் கொடுத்து ஈரல் செயலிழந்து போன பூனைகள் உண்டு.

மாலைக்குள் 60 கிராம் உள்ளே போயிற்று.

செப்டம்பர் 30, செவ்வாய்

இரவு இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுகிறாள். பால்கனி, குளியலறை, பீரோ, மறுபடி பால்கனி. கரியன் படுத்த இடங்களை வரிசையாகச் சுற்றி, நீளமாக, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கேட்கிறவர் நெஞ்சு பிசையும். அமெரிக்காவில் மிச்சிகனின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் 412 பூனை வளர்ப்போரிடம் கேட்டு 2024-ல் வெளியிட்ட ஆய்வில், துணையை இழந்த பூனைகளுக்குத் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மூன்றும் குறைந்ததாகச் சொல்லியிருந்தார்கள். மனிதரிடம் ஒட்டிக்கொள்வதும் ஒளிந்துகொள்வதும் கூடியிருந்தது. வளர்ப்பவரின் சொந்தத் துக்கம் பூனையின் நடத்தையைப் பார்க்கும் கண்ணையும் மாற்றலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. கிராமும் நேரமும் எழுதிவைப்பது அதற்காகவும்தான்.

கூப்பிடும்போது எழுந்து ஓடக் கூடாது, அதட்டவும் கூடாது. ஓடினால், ‘கத்தினால் ஆள் வரும்’ என்று பழகிவிடும். அதட்டினால் பயம் கூடும். படுத்த இடத்திலிருந்தே தணிந்த குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். வந்து காலடியில் படுத்தால் படுக்கட்டும். முக்கியமான மாற்றத்தைத் தூங்கப்போகும் முன்பே செய்ய வேண்டும்: இரவு பத்து மணிக்குப் பத்து நிமிட விளையாட்டு, உடனே அன்றைய கடைசிச் சாப்பாடு. வேட்டையாடி, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவதுதான் பூனையின் வரிசை.

கரியனின் துண்டு இன்னும் பீரோ மேல்தான். பகலில் அதன்மேல் மோவாயை வைத்துத் தூங்குகிறாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மணல் தட்டைக் கவனிக்க வேண்டிய காலம் இது. மன அழுத்தம் பூனைக்கு நேராகச் சிறுநீர்ப்பையில் இறங்கும். அடிக்கடி போய் உட்காருவது, சொட்டுச் சொட்டாகப் போவது, ரத்தம், தட்டுக்கு வெளியே போவது, வயிற்றடி முடியை நக்கி வழுக்கையாக்குவது, எல்லாம் ஒரே கோளாறின் அடையாளங்கள். ஆண் பூனை முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பு முழுதாக இருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போகும்.

வெள்ளச்சிக்கு நாளுக்கு சிறுநீர் பட்டுக் கட்டியான மணல் உருண்டை மூன்று, எலுமிச்சை அளவு. சரிதான். கட்டியாகும் மணல் என்றால் இப்படி எண்ண முடியும். மணல் ஆழம் 5 முதல் 7 சென்டிமீட்டர். ஒரே பூனைதான் என்று இரண்டாவது தட்டை எடுத்துவிட வேண்டாம். இரண்டுமே அவளுக்குத்தான். தண்ணீர் கிலோவுக்கு 50 மில்லி என்ற கணக்கில் 210 மில்லி, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து.

எடை 4.05. தொடக்கத்தைவிட 150 கிராம் குறைவு. 5 சதவீதமான 210 கிராமைத் தாண்டினால் மறுபடி டாக்டர்.

அக்டோபர் 9, வியாழன்

சாப்பாட்டு நேரங்களை வீட்டின் நேரத்தோடு கட்டியாயிற்று: பால் பாக்கெட் வரும்போது, மதியம் ஒன்றரை, விளக்கேற்றும்போது, இரவு பத்தரை. கடிகாரம் பார்த்து வைப்பதைவிட இது நிற்கும். வீட்டில் யார் மறந்தாலும் பால்காரர் மறக்க மாட்டார். துணையாக இருந்த பூனை எழுந்தால் தானும் எழுந்து, அது போனால் தானும் போனவளுக்கு நாள் எப்போது தொடங்குகிறது என்று சொல்ல இப்போது வேறு ஆள் இல்லை. அந்த வேலையை இந்த ஓசைகள் செய்கின்றன.

பூனையை அமைதிப்படுத்த மின்பிளக்கில் செருகும் முக ஃபெரோமோன் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பூனை கன்னத்தை உரசும்போது விடும் பொருளின் ஒரு பகுதியைச் செயற்கையாகச் செய்தது அது. ஒரு புட்டி சுமார் 30 நாள், 50 முதல் 70 சதுர மீட்டர். திரைக்குப் பின்னாலும் மேசைக்கு அடியிலும் செருகினால் வீண். பலன் கலவையாகத்தான் இருக்கிறது. பணம் இருந்தால் முயலுங்கள், இல்லாவிட்டால் வருத்தம் வேண்டாம். மென்மையான துணியால் அவள் கன்னத்தைத் துடைத்து, அவள் உயரத்தில் கதவு நிலையில் தேய்த்தால் அவளுடைய வாசனையே அங்கே இருக்கும். வாசனை எண்ணெய் டிஃப்யூசர், கற்பூரம், சாம்பிராணிப் புகை எல்லாம் அவள் இருக்கும் அறைக்கு வெளியே.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளி திங்கட்கிழமை. துணை இருந்தவரை இருவரும் ஒட்டிப் படுத்தே வெடிச் சத்தத்தைக் கடந்தார்கள். இந்த வருடம் தனியாக. தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றாலும் அதை நம்பி இருக்க முடியாது. உள்ளறையில் இன்றே ஏற்பாடு: பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, உள்ளே கரியனின் துண்டு, மேலே தடித்த போர்வை, மணல் தட்டு ஒரு மூலையில், தண்ணீர் எதிர் மூலையில். நாலு நாள் முன்னாலேயே வைத்தால்தான் அது அவளுடைய இடமாகும். அன்றைக்குத் தூக்கிப்போய் அடைத்தால் கூண்டு.

பயத்தைத் தணிக்கக் காபாபென்டின் மருந்தை டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். வெடி தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும், பயம் ஏறிய பிறகு கொடுத்தால் பிடிக்காது. நடை தள்ளாடும், ஆகவே அன்று பீரோ ஏற வழி இருக்கக் கூடாது. சோதனைக்காக நாளை ஒரு வேளை.

அக்டோபர் 21, செவ்வாய்

பெட்டியை விட்டு நேற்று மாலை முழுக்க வரவில்லை. உள்ளிருந்து இழுக்கவும் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு 28, ஓய்வில் 30-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. இரவு பதினொன்றரைக்குத் தானாக வந்து 40 கிராம் சாப்பிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

எடை 4.18. கத்தல் வாரத்தில் ஓரிரவு. கோலில் கட்டிய கோழி இறகைப் பின்னங்காலால் உதைக்கிறாள். துண்டை இன்னும் துவைக்கவில்லை, அவளாக அதைவிட்டு வேறிடத்தில் தூங்கத் தொடங்கிய பிறகு பார்க்கலாம்.

துணைக்கு ஒரு குட்டி கொண்டுவரலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். சாப்பாடும் எடையும் தூக்கமும் நிலைக்கு வந்து சில வாரமாவது கழியட்டும். அதற்கு முன் புதுப் பூனை என்பது இவளுக்குத் துணை அல்ல, தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியன். வேறு பூனையோடு பழக விரும்பாமல், ஒருவனோடு மட்டும் ஒட்டியிருந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மனிதர் போதும். ஒன்பது வயதுக்காரிக்கு இரண்டு மாதக் குட்டியைவிட, அமைதியான நடுவயதுப் பூனையே பொருந்தும்.

கொண்டுவருவதானால் இரண்டு வாரம் தனி அறை, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை. பிறகு துணி மாற்று: புதியவன் படுத்த துணி இவள் தட்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி, இவளுடையது அவனுக்கு. சீறாமல் சாப்பிட்டால் அடுத்த நாள் ஒரு சாண் கிட்டே. சீறினால் பழைய இடத்துக்கே. அதன்பின் மூடிய கதவின் இரு பக்கமும் தட்டு, அதன்பின் வலைக்கதவு, கடைசியில்தான் ஒரே அறை. இதில் எந்தப் படியையும் நாள் கணக்கில் தாண்ட முடியாது. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிப்பதே அடுத்த படிக்கான அனுமதி.