சில்வண்டுக்கு மறுபிறவி

டிஸ்னியின் பினோக்கியோ படத்தில் (1940), உயிர்பெற்ற மரப்பொம்மைப் பையன் பினோக்கியோவின் கூடவே வந்து புத்தி சொல்லும் சில்வண்டு நினைவிருக்கிறதா? இத்தாலிய எழுத்தாளர் கொலோடியின் மூலக்கதையில் அது 4ஆம் அத்தியாயத்திலேயே செத்துப்போகும். சுத்தியலை வீசியது பினோக்கியோதான்! 1881இல் தொடராக வந்தபோது, 15ஆம் அத்தியாயத்தில் பொம்மையையே தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்திருந்தார் மனிதர். வாசகர்கள் விடவில்லை, 36 வரை நீண்டது.

இப்படியொரு அடாவடிப் பயலைத் திரையில் ஒன்றரை மணி நேரம் யார் சகிப்பது? 1938இல் வால்ட் டிஸ்னி பட வேலையை நிறுத்திவைத்தார். ஓவியர் மில்ட் கால் பினோக்கியோவை முதலில் சாதாரணச் சிறுவனாக வரைந்துவிட்டு, பிறகு மர மூட்டுகளைச் சேர்த்தார். ஆனால் பையன் அப்பாவியானதும் வேறு சிக்கல்: நல்லது கெட்டது சொல்லி இழுத்துப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். செத்த சில்வண்டு திரும்பி வந்தது அதற்குத்தான். ராட்சதச் சுறா திமிங்கலமானதெல்லாம் சில்லறை மாற்றம். கொலோடியின் குசும்பு போனதுதான் எனக்குக் குறை.