கேட்பாரற்ற சைக்கிளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் சேர்ப்பது: மியான்மரின் யாங்கூன் அனுபவம்

தர்மத்துக்குப் பழைய சைக்கிள் சேர்க்கிறவர்கள் பெயிண்ட்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து டயர் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 37-590 என்றிருந்தால் தைரியமாக எடுக்கலாம். அதுதான் 26 × 1 3/8. யாங்கூன் பஜாரில் டயரும் டியூபும் தட்டில்லாமல் கிடைக்கிறது. 37-609 என்றிருந்தால் யோசிக்க வேண்டும். ஜப்பான்காரர்கள் 27 இஞ்ச் என்று சொல்கிற இந்த அளவு அவர்கள் நாட்டைத் தாண்டினால் அபூர்வம். அந்த ரிம்மில் 700சி டயர் (622) பிடிக்காது, பழைய கறுப்புச் சைக்கிளின் 28 × 1 1/2 டயரும் (635) பிடிக்காது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும், விட்டத்திலோ 26 மில்லிமீட்டர் வரை வித்தியாசம். டயர் தேய்ந்த அன்றே அந்தச் சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்துவிடும். உதிரி டயர் கூடவே வந்தால் தவிர 27 இஞ்ச்சை நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கழற்றிப் பாகத்துக்கு வைத்துக்கொள்கிறோம்.

சைக்கிள் மூன்று வழியில் வருகிறது. ஊருக்குள்ளேயே மாடிப்படிக்கு அடியிலும் தொழிற்சாலை விடுதியிலும் கோவில் கொட்டகையிலும் கிடப்பவை ஒரு வகை. எண்ணிக்கை குறைவு, தகராறு அதிகம். யாரும் கேட்கவில்லை என்பதால் அது எடுத்தவருக்குச் சொந்தமாகிவிடாது. மியான்மரில் இன்றும் நடப்பில் இருக்கிற 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, கண்டெடுத்தவனை அடுத்தவர் பொருளைப் பாதுகாப்பில் வைத்திருப்பவனாகத்தான் கணக்கிடுகிறது. அதனால் முதலில் ஃப்ரேம் எண்ணையும் நாலு பக்கப் படத்தையும் எடுத்துக்கொள்வோம். பிறகு தேதி போட்ட அறிவிப்பைப் பர்மீய மொழியில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டி, ஒரு நகலைக் கட்டடத்து வாசலில் ஒட்டுவோம். ஒரு மாதம் போனதும் கட்டடப் பொறுப்பாளர் கையெழுத்தோடு வார்டு ஆபீஸுக்குப் போய்ச் சிபாரிசுக் கடிதம் வாங்குவோம். இந்தத் தாள் இல்லாமல் லாரியில் ஏற்றினால் வழியில் நிறுத்திக் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது.

போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில் குவிந்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் பாதி வழக்குப் பொருள். வழக்கு முடியும்வரை யாரும் தொட முடியாது. உரிமையாளர் தெரியாத பொருளுக்குக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 523, 524 பிரிவுகளில் வழி இருக்கிறது. மாஜிஸ்திரேட் அறிவிப்பு போடுவார். 6 மாதத்துக்குள் உரிமையாளர் வராவிட்டால் பொருள் அரசாங்கத்தின் கைக்குப் போகும், விற்கலாம். அந்த 6 மாதமும் சைக்கிள் மழையில் நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

இரண்டாவது வழி ஜப்பான். அங்கே ரயில் நிலைய வாசலில் விட்டுப்போகிற சைக்கிள்களை நகராட்சி அள்ளிப்போகும். 1980-இல் வந்த சைக்கிள் சட்டமும் அதன் பிந்தைய திருத்தமும் நடைமுறையைத் தெளிவாக வகுத்திருக்கின்றன: அறிவிப்பு கொடுத்து 6 மாதம் ஆனதும் உரிமை நகராட்சிக்கு மாறுகிறது. அப்படிச் சேர்ந்தவற்றைச் செப்பனிட்டு ஏழை நாடுகளுக்கு அனுப்புவதற்கென்றே நகராட்சிகள் சில கூடி 1989-இல் ‘முகோபா’ என்ற கூட்டமைப்பை வைத்தன. தனி வியாபாரியிடம் வாங்குவதானால் திருட்டுத் தடுப்புப் பதிவு ஸ்டிக்கர் எடுக்கப்பட்டிருக்கிறதா, பதிவு ரத்தானதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உரிமை மாறிய தாள் அங்கே சுத்தமாக இருந்தால் இங்கே பேச்சு பாதியாகக் குறையும்.

மூன்றாவது, வாடகைச் சைக்கிள் கம்பெனிகள் கைவிட்டவை. சிங்கப்பூரில் ஓபைக் 2018 ஜூனில் கடையைக் கட்டியது, ஓஃபோவும் மோபைக்கும் அடுத்த வருடம் வெளியேறின. நம் நாட்டுத் தொழிலதிபர் மைக் தான் துன் வின் 2019-இல் சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து இப்படி 10,000 சைக்கிள் வாங்கி ‘லெஸ்வாக்’ என்ற பெயரில் நெடுந்தூரம் நடக்கிற மாணவர்களுக்குக் கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்தாலும் இந்த வகையில் வேலை அதிகம். பின்சக்கரப் பூட்டுக்குள் லித்தியம் பேட்டரி இருக்கும். கழற்றாமல் ஏற்றினால் கப்பல் கம்பெனி 9-ஆம் வகுப்பு ஆபத்துச் சரக்கு என்று நிறுத்திவிடும். பூட்டு மூடிய நிலையில் செத்திருந்தால் அங்கேயே கிரைண்டரால் அறுத்துவிடச் சொல்லுங்கள், சக்கரம் உருளாத சைக்கிளை இறக்க இரண்டு ஆள் வேண்டும். இவற்றில் வரும் காற்றடிக்கத் தேவையில்லாத டயர் பஞ்சராகாது, உண்மைதான். ஆனால் கனம், செம்மண் பாதையில் குலுக்கல், கிழிந்தால் மாற்று கிடையாது. செயினுக்குப் பதில் ஷாஃப்ட் வைத்த பழைய மோபைக்கை நாங்கள் இலவசம் என்றாலும் எடுப்பதில்லை. ஊர் மெக்கானிக் கைவைக்க முடியாத வண்டி அது.

கன்டெய்னர் விஷயம். 40 அடிப் பெட்டியில், ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கினால் சுமார் 400 வரை பிடிக்கும். அதற்கு ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், பெடலைக் கழற்ற வேண்டும். 15 நம்பர் ஸ்பானரைப் பெடல் அச்சில் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டிப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. கழற்றிய ஜோடியை அதே ஃப்ரேமில் கம்பியால் கட்டச் சொல்லுங்கள். மூட்டையில் மொத்தமாகப் போட்டு அனுப்பினால் இடது வலது தேடுவதிலேயே நாள் போய்விடும். டயரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, கழுவித்தான் ஏற்ற வேண்டும்.

இறக்குமதி லைசன்ஸ் கையில் வராமல் சரக்கு கப்பலேறக் கூடாது. இதில்தான் ஆர்வக்கோளாறில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெறுபவர் பெயர், பதிவுச் சான்றில் உள்ள சங்கத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 2022 அக்டோபரில் வந்த சங்கப் பதிவுச் சட்டத்துக்குப் பிறகு பதிவில்லாத கோவில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ தன் பெயரில் இந்த வேலையைச் செய்ய முடியாது, பதிவுள்ள சங்கத்தோடு சேர்ந்துதான் போக வேண்டும். சுங்கத் தலைப்பு 8712. நன்கொடைக் கடிதம், சரக்குப் பட்டியல், விலைச்சீட்டு மூன்றிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். நன்கொடைதானே என்று விலையைப் பூஜ்யம் போட்டால் கஸ்டம்ஸ் தானே ஒரு விலை வைக்கும். வரிவிலக்குக்கு அமைச்சகச் சிபாரிசு வேண்டும். அது வரும்வரை திலாவா துறைமுகத்தில் பெட்டிக்கு நாள் வாடகை ஓடும். பள்ளி ஜூன் தொடக்கத்தில் திறக்கும், ஏப்ரல் நடுவில் திஞ்சான் (பர்மீயப் புத்தாண்டு) விடுமுறை. ஆகவே பெட்டி பிப்ரவரியில் வந்தால்தான் நிதானமாக வேலை செய்யலாம்.

இனிப் பட்டறை. காற்று நிற்கவில்லை என்றதும் டியூபைக் கழற்றாதீர்கள். ஜப்பான் சைக்கிளில் நம்ம பழைய வால்டியூப் வால்வுதான். மூடியைத் திருகி ஊசியை உருவினால் ரப்பர் பிசினாகிப் பிய்ந்துகொண்டு வரும். 3 செ.மீ. புது ரப்பரை எச்சில் தொட்டுச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்சக்கரத்தின் இடப்பக்கம் இரும்பு டப்பாவுக்குள் இருப்பது பேண்ட் பிரேக். கீச்சென்று கத்துகிறதே என்று அதில் எண்ணெய் விடும் புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எண்ணெய் பட்ட பேண்ட் பிடிக்காது, மாற்றத்தான் வேண்டும். பால்ரஸ் முன்சக்கரத்துக்கு 3/16, பின்சக்கரத்துக்கு 1/4. கலந்து போட்டால் பால்ரஸ் உருளும் கோன் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கேரியரில் 18 அல்லது 27 என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அது தாங்கும் கிலோ. இங்கே தங்கச்சியைப் பின்னால் வைத்துத்தான் பள்ளிக்குப் போவார்கள், அதனால் 18 கேரியரைக் கழற்றிவிட்டுக் கனமான கம்பிக் கேரியர் மாட்டுகிறோம். ஒரு 50 சைக்கிளுக்கு எங்கள் கணக்கு: டியூப் 40, டயர் 30, பிரேக் கட்டை 50 ஜோடி, பிரேக் வயர் 60, செயின் 15. வால்டியூப் மட்டும் சுருளாகவே வாங்கிவிடுங்கள், பிள்ளைக்கு ஒரு முழம் கொடுத்தனுப்பலாம்.

கொடுக்கும்போது ஃப்ரேம் எண், பிள்ளையின் பெயர், பெற்றோரின் என்.ஆர்.சி. (அடையாள அட்டை) எண் மூன்றையும் ஒரே சீட்டில் எழுதி இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டுக்கு. எங்கேயாவது நிறுத்தி யார் வண்டி என்று கேட்டால் அந்தச் சீட்டுதான் பேசும். ஜப்பான் சைக்கிளில் முன் பிரேக் வலது கையில் இருக்கிறது என்பதை ஓட்டிக் காட்டிச் சொல்லுங்கள். தெரியாமல் இறக்கத்தில் அழுத்தினால் ஆள் முன்னால் விழுவார். 140 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு 26 இஞ்ச் கொடுப்பதாக இருந்தால் சீட்டைக் கடைசிவரை இறக்கி, கால் தரையில் ஊன்றுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.