வாஷிங்டனில் யார் யாரிடம் பேசுகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து கார்கள் வரியில்லாமல் அமெரிக்கா போக வழிசெய்தது 2000இல் வந்த ஆகோவா என்ற அமெரிக்க வணிகச் சலுகைச் சட்டம். இப்படிப்பட்ட சட்டங்களுக்காக வாஷிங்டனில் யார் தூது போகிறார்கள் என்பதை டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

கம்பெனிகளுக்காகப் பேசும் லாபியிஸ்ட்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தொகை, மசோதா எண் இருக்கும். ஆனால் 'செனட்' என்று மட்டும் எழுதினால் போதும். எந்த உறுப்பினரைப் பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஓட்டை இது. பலர் இங்கேயே தேடலை விட்டுவிடுகிறார்கள்.

விடாதீர்கள். வெளிநாட்டு அரசுக்காகப் பேசுபவர்கள் 1938ஆம் ஆண்டின் ஃபாரா சட்டப்படி அமெரிக்க நீதி அமைச்சகத்தில் பதிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அதில் தேதி, சந்தித்தவர் பெயர், போனா மின்னஞ்சலா என்பதுவரை வரும். பத்திரிகைகளுக்குக் கொடுத்த பிரசுரமும் 48 மணி நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும்.