எதுவுமே வேணாங்கற செடியும் எங்க வீட்டு ஆளுங்களும்

ஏர் பிளான்ட் தெரியும்ல, டில்லான்ட்சியா. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம் மரக்கிளை, பாறைன்னு கிடைச்ச எடத்துல தொத்திக்கிட்டு வளரும், மண்ணு வேணாம், வேரு சும்மா பிடிச்சுக்க மட்டும்தான், தண்ணியெல்லாம் இலை மேல இருக்கற பொடிப்பொடி செதில் வழியா குடிச்சுக்கும். இப்படி எதையுமே கேக்காத ஒரு ஜீவனைத்தான் நான் எங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேன்.

பார்சலப் பிரிச்சதும் அம்மா, "அன்னாசிப்பழக் கொண்டைய எவன்டா காசு குடுத்து வாங்குவான்?" தமாஷ் என்னன்னா ரெண்டும் ஒரே குடும்பம்தான், அத அவங்ககிட்ட சொல்லல. விலை கேட்டாங்க, பாதிய சொன்னேன், அதுக்கே ராத்திரி வரைக்கும் திட்டு. அப்பா கண்ணாடிய மாட்டிக்கிட்டு வந்து, "மரத்துல தொத்துதா, அப்ப புல்லுருவி, நம்மூரு மாமரத்துல ஓசிலயே கிடைக்குமே"ன்னார். புல்லுருவி மரத்தையே உறிஞ்சும்ப்பா, இது சும்மா உக்காரும் அவ்ளோதான்னு சொன்னா, "சும்மா உக்கார்ற ஆளு ஏற்கனவே வீட்ல இருக்கானே"ன்னு என்னையே பாக்கறார்.

சரின்னு பரண்ல கிடந்த உருண்டை மீன் தொட்டிய எறக்கி, அடில வெள்ளக் கூழாங்கல்லு, மேல ஒரு காஞ்ச கட்டை, அதுல செடிய மீன்பிடி நரம்பால கட்டி, நேரா வெயில் படாத ஜன்னலோரமா வச்சேன் (வெயில் பட்டா கண்ணாடிக்குள்ளயே வெந்துரும்). சும்மா சொல்லக்கூடாது, அழகா இருந்துச்சு.

மறுநாள் பாத்தா கூழாங்கல்லு மேல கஞ்சி. "வாயில்லா ஜீவன்டா, அரிசி கழுவுன தண்ணி கொஞ்சம் ஊத்துனேன்." அம்மா, அடி ஈரமா நின்னா அழுகிரும், வாரம் ஒருவாட்டி ஒரு அரை மணி நேரம் தண்ணில முக்கி வச்சு, தலைகீழா உதறி, காத்தாட காயவச்சு திரும்ப உள்ள வச்சா போதும்னு பாடம் எடுத்தேன். "அட, கொண்டக்கடல ஊறப்போடறாப்ல"ன்னு டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை சமையக்கட்டுல பாத்தா ஒரு பாத்திரத்துல கொண்டக்கடலை, பக்கத்துல செடி, செடி ஊறுறது செப்புக் குடத்துத் தண்ணில! "செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுடா"ங்கறாங்க. ஒடம்புக்கு இருக்கலாம், இந்த அன்னாசிக் குடும்பத்துச் செடிக்கு செம்பு வெஷம், கட்டறதுக்குக் கூட செப்புக் கம்பி ஆகாதும்பாங்க. புடுங்கிட்டு ஓடி நல்ல தண்ணில அலசினேன், பின்னாடியே வந்த அப்பா ஏசில சொட்டுற தண்ணிய ஒரு பக்கெட்டு நீட்டி "இது சுத்தமான தண்ணி"ங்கறார், ஏசிக்குள்ள பாதி குழாய் செம்புதான்னு அவருக்கு யாரு சொல்றது.

அதோட விட்டாரா. போன்ல எதையோ படிச்சுட்டு வந்து, 1829ல லண்டன்ல வார்டுன்னு ஒரு டாக்டர் மூடுன கண்ணாடி பாட்டில்ல பெரணி முளைச்சதப் பாத்துத்தான் இந்த டெரேரியமே, அதான் கண்ணாடிக்குள்ள செடி வளக்கறது, வந்துச்சாம், நீ தெறந்து போட்டிருக்கன்னு தொட்டி மேல ஒரு எவர்சில்வர் தட்டப் போட்டு மூடிட்டார். அது பெரணிக்குப்பா, இதுக்கு காத்து வேணும், பேர்லயே இருக்கேன்னு தட்ட எடுத்தேன். சாயந்தரம் திரும்ப மூடியிருக்கு, தூசி விழுதாம்.

இதுக்கெல்லாம் நடுவுல "வெறிச்சோடிக் கிடக்கு"ன்னு கொலுப் பெட்டிலேர்ந்து செட்டியார் பொம்மைய எடுத்து உள்ள உக்கார வச்சுட்டாங்க அம்மா, முன்னாடி குட்டியா பலசரக்குக் கடை வேற. வர்றவங்க எல்லாம் "செட்டியார் எங்க வாங்குனீங்க"ன்னுதான் கேக்கறாங்க, செடிய ஒருத்தர் கேக்கல. நவராத்திரி வந்தா அவரு கொலுவுக்குப் போயிருவாருன்னு இருந்தேன். இல்லையாம், இந்த வருஷம் தொட்டியோட தூக்கி கீழ்ப்படில வைக்கப் போறாங்களாம், அன்னாசிப்பழக் கொண்டைக்கும் சேத்து சுண்டல் உண்டாம்.