லிஃப்ட் மெயின் சுவிட்ச் செய்முறைத் தேர்வு: தயாராகிறவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

லிஃப்ட் பராமரிப்பில் தொழிற்பழகுநராகச் சேர்ந்தவர்களைத் தனியாக வேலைக்கு அனுப்புவதற்கு முன்பு, மெயின் சுவிட்சைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒரு செய்முறைத் தேர்வு வைப்பது உண்டு. மதுரை கோ.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்த நான், அந்தத் தேர்வை டவுன்ஹால் ரோடு பக்கமுள்ள ஒரு தங்கும் விடுதியின் மொட்டைமாடி மெஷின் ரூமில் செய்து காட்டினேன். இப்போது அதே தேர்வுக்குத் தயாராகும் இளையவர்கள் அடிக்கடி கேட்கும் விஷயங்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

கைப்பிடியைக் கீழே இறக்கியதும் தேர்வாளர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, கரண்ட் போயிருச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" கைப்பிடி ஆஃப் பக்கம் இருக்கிறது, இண்டிகேட்டர் விளக்கு அணைந்துவிட்டது என்பவை பதிலாகா. விளக்கு பழுதாகியும் அணைந்திருக்கலாம். உள்ளே ஒரு ஃபேஸின் காண்டாக்ட் (இணைப்பைச் சேர்த்துப் பிரிக்கும் உலோகத் தொடுமுனை) மட்டும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால், கைப்பிடி இறங்கிய பிறகும் அந்த ஒரு கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அளந்து பார்த்ததை வைத்து மட்டுமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

அளக்கும் வரிசையை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். பிறகு அணைத்த சுவிட்சின் லோடு பக்கத்தில், அதாவது லிஃப்டுக்கு மின்சாரம் வெளிச்செல்லும் முனைகளில், அளக்க வேண்டும். முடித்ததும் மறுபடியும் அதே மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, நடுவில் டெஸ்டர் பழுதாகிவிடவில்லை என்பதையும் காட்ட வேண்டும். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் வரும் சுவிட்சில் மொத்தம் பத்து அளவீடுகள் உண்டு: ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்று. ஃபேஸுக்கு ஃபேஸ் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்கள் பலர். ஒரு காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு மற்ற இரண்டும் திறந்திருந்தால், அந்த அளவீட்டில் எதுவும் தெரியாமல் போகக்கூடும். எர்த்துக்கு அளக்கும்போதுதான் 230 வோல்ட் தெரியும். சட்டைப் பையில் செருகிவைக்கும் நியான் டெஸ்டரை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அணைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றையும் தேர்வாளர் கவனிப்பார். லிஃப்டுக்குள் ஆள் இல்லை என்று நேரில் உறுதிசெய்துகொண்டு, காரை, அதாவது ஆட்கள் ஏறும் கூண்டை, ஒரு தளத்தில் நிறுத்திக் கதவை மூடி, ஒவ்வொரு தளத்திலும் அறிவிப்புப் பலகை வைத்த பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியை இறக்கக் கூடாது. சுவிட்சுக்கு நேர் எதிரே நிற்காமல், பக்கவாட்டில் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே வீச்சில் இறக்க வேண்டும். அடுத்து உங்கள் சொந்தப் பூட்டு. அதன் சாவி உங்கள் பையிலேயே இருக்க வேண்டும். பெயர், தேதி, காரணம் எழுதிய அட்டையும் அதில் தொங்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டுகள். "வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டேன்" என்பது பூட்டுக்கு ஈடாகாது.

மெயின் சுவிட்சை அணைத்தும் மெஷின் ரூமில் மின்சாரத்தோடு இருப்பவை எவை என்பதை மனப்பாடமாக அல்லாமல், அந்தக் கட்டடத்தின் வயரிங்கைப் பார்த்தே சொல்லத் தெரிய வேண்டும். காரின் விளக்குக்கும் விசிறிக்கும் தனி சர்க்யூட் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவர் இருட்டில் தவிக்கக் கூடாது என்பதற்காகவே அதை மெயின் சுவிட்சுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். மின்தடையின்போது காரை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவரும் பேட்டரி மீட்புச் சாதனம் இருந்தால், அது நீங்கள் அணைத்ததையும் மின்தடை என்றே எடுத்துக்கொண்டு மோட்டாரைச் சுழற்ற முயலலாம். ஆகவே அதற்கும் தனியாக இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் கெபாசிட்டர்களில் 415 வோல்ட் இணைப்பில் ஏறத்தாழ 587 வோல்ட் டி.சி. தேங்கியிருக்கும். டிரைவின் மூடியில் அச்சிட்டிருக்கும் நேரம்வரை காத்திருந்து, டி.சி. முனைகளில் அளந்து பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இரண்டு லிஃப்டுகள் ஒன்றாக இயங்கும் கட்டடத்தில் பக்கத்து லிஃப்டிலிருந்து வரும் கண்ட்ரோல் கம்பிகளிலும் மின்சாரம் இருக்கலாம்.

இவ்வளவும் லிஃப்டில் வேலை செய்வதற்கான ஏற்பாடு. மெயின் சுவிட்சையே கழற்றிப் பராமரிக்க வேண்டுமென்றால் இது போதாது என்பதைத்தான் தேர்வில் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். சுவிட்சை அணைத்தாலும் அதன் உள்வரும் முனைகள் மின்சாரத்தோடுதான் இருக்கின்றன. ஆகவே கீழ்த்தளப் பேனலில் அந்த இணைப்பை அணைத்துப் பூட்ட வேண்டும். ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில், மின்வாரிய இணைப்பும் ஜெனரேட்டர் இணைப்பும் இரண்டுமே துண்டாகும் இடமாகப் பார்த்துப் பூட்ட வேண்டும். பிறகு மேலே வந்து, உள்வரும் முனைகளிலும் அதே பத்து அளவீடுகளை எடுக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் நம் ஊர் மொட்டைமாடி மெஷின் ரூம்கள் எப்படிக் காயும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் முனைகளின் தளர்ச்சி இன்னும் வேகமாகக் கேடு செய்கிறது. நான் தேர்வு கொடுத்த சுவிட்சில் நடு ஃபேஸின் லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) மட்டும் நிறம் மங்கி, அதன் மஞ்சள் ஸ்லீவ் காபிப் பொடி நிறத்தில் பொரிந்துபோயிருந்தது. பக்கத்து இரண்டும் புதிதுபோல இருந்தன. அப்படி ஒன்று மட்டும் கருத்திருந்தால் இறுக்கிவிட்டு நகரக் கூடாது. லக்கைக் கழற்றி, கருகிய கம்பியை வெட்டி, புதிய லக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு எச்.ஆர்.சி. ஃப்யூஸையே (பெரிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தையும் பாதுகாப்பாகத் துண்டிக்கும் வகை) போட வேண்டும்.

இன்சுலேஷன் சோதனைக்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) போதும். ஆனால் டிரைவையும் கண்ட்ரோலரையும் கழற்றிவிட்ட பிறகுதான், இல்லையென்றால் அவற்றின் எலெக்ட்ரானிக் கார்டுகள் போய்விடும். சுவிட்சை ஆன் நிலையில் வைத்து ஃபேஸ்களுக்கு இடையிலும் எர்த்துக்கும், ஆஃப் நிலையில் வைத்து ஒவ்வொரு ஃபேஸிலும் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் சுவிட்சை மறுபடி இணைக்கக் கூடாது.

வாய்மொழிக் கேள்விகளில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டத்தையும், மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளையும் தொட்டுப் பேசத் தெரிந்தால் போதும்.

மின்சாரத்தைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் கருவிகளை எண்ணி எடுத்துவைத்து, மூடியை மாட்டி, பிட்டிலும் (லிஃப்ட் தண்டின் அடிக்குழி) கார் மேலும் யாரும் இல்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள். பூட்டியவரே தன் பூட்டைத் திறக்க வேண்டும். முதலில் கீழ்ப் பேனல், பிறகு மேலுள்ள சுவிட்ச். ஆள் ஏற்றாமல் எல்லாத் தளங்களுக்கும் லிஃப்டை ஓட்டிப் பார்த்த பின்பு, எடுத்த அளவீடுகளைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, தளங்களிலுள்ள பலகைகளை எடுத்துவிடலாம்.