தமிழ் எழுத்துல வெல்ஷ் பாட்டு – ஏழாவது மாசம்

போன ஞாயித்துக்கிழமைதான் மொத தடவையா மூணு சரணத்தையும் பேப்பர் பாக்காம பாடி முடிச்சேன். நடுவுல ரெண்டு இடத்துல முழுங்கினேன், கேக்க ஆளில்ல, கிச்சன்ல நானும் குக்கரும் மட்டும்தான்.

பாட்டு ‘அமா ஓ ஹீட்’, வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷ்ல. ‘இன்னும் இங்கேதான் இருக்கோம்’னு அர்த்தம். எழுதிப் பாடினவர் டாவித் இவான், 1983. நான் வேல்ஸ் தலைநகர் கார்டிஃபுக்கு வேலைக்கு வந்த புதுசுல ஒரு பழைய வீடியோ பாத்தேன், 2022 ஜூன் 5, வேல்ஸ் உக்ரைனை 1-0ன்னு ஜெயிச்சு 64 வருஷம் கழிச்சு உலகக் கோப்பைக்குப் போன நாள், அந்த கிரவுண்டுல எழுபத்தெட்டு வயசு மனுஷன் ஒருத்தர் மைக் புடிச்சு பாடறாரு, ஸ்டேடியமே கூடப் பாடுது, அவர் அழறாரு. ஒரு வார்த்தை புரியல ஆனா அன்னிக்கு நைட்டு அதை ஏழெட்டு தடவை ஓட்டிட்டேன். சரி கத்துக்கலாம்னு வாரம் ஒரு நாள் சாயங்கால கிளாஸ்ல சேந்தேன், பிகினர் லெவல்.

உச்சரிப்பு நான் பயந்த அளவுக்கு இல்ல. எல் எழுத்து ரெண்டு சேந்து வருமே அதுக்குத்தான் ஊரே பயப்படுது, ‘ல’ சொல்ற மாதிரி நாக்கை மேல வெச்சுக்கிட்டு குரல் இல்லாம ஓரமா காத்தை விடணும், ரெண்டு வாரம் எச்சில் தெறிச்சுது அப்புறம் வந்துருச்சு. டாவித்னு முடியுதே அந்த கடைசி ‘த்’ நம்ம ‘அது’வுல வர்ற த மாதிரியேதான். வடக்கு வேல்ஸ்காரங்க சொல்ற ஒரு ‘உ’ கிட்டத்தட்ட நம்ம குற்றியலுகரம், உதட்டைக் குவிக்காம சொல்லணும், ‘பாட்டு’ன்னு சொல்லும்போது கடைசில வருமே அது. கிளாஸ்ல மத்தவங்க முழிச்சப்போ நான் சும்மா சொல்லிட்டேன். அந்த ஒரு நாள்தான் எனக்குப் பெருமை, அதோட சரி.

தலைகனம் ஏறிப்போய் நான் செஞ்ச தப்பு என்னன்னா, பாட்டு முழுக்க தமிழ் எழுத்துல நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணினது. நாலு மாசம் அப்படியேதான் ஓட்டினேன். டீச்சர் கிட்ட பாடிக் காட்டினேன். கேட்டுட்டு, ‘ராகம் நல்லாருக்கு, ஆனா மியூட்டேஷன் எல்லாம் எங்க போச்சு?’ன்னாங்க.

விஷயம் இதுதான். வெல்ஷ்ல முன்னாடி என்ன வார்த்தை வருதுங்கறதைப் பொறுத்து அடுத்த வார்த்தையோட மொத எழுத்தே மாறும். கார்டிஃபுக்கு வெல்ஷ் பேரு ‘கைர்தீத்’, காபில வர்ற கா. ‘கார்டிஃபுக்கு’ன்னு சொன்னா அது காந்தில வர்ற கா ஆயிடும். ‘கார்டிஃப்ல’ன்னா ‘ங்’ மாதிரி மூக்குல ஆரம்பிக்கும், ‘கார்டிஃபும்’னா தொண்டைலேர்ந்து கரகரன்னு வரும். ஒரே ஊருக்கு நாலு தலை. டிக்‌ஷனரில தேடறவன் பாவம். இதுல பாதி மாத்தம் க, ட, ப மூணும் கனமா மாறறதுதான், ஆனா நம்ம எழுத்துல காபிக்கும் காந்திக்கும் ஒரே கா. டீச்சருக்கும் டில்லிக்கும் ஒரே ட். அதனால என் நோட்டுல அந்த மாத்தம் ஒண்ணு கூட விழல! நானும் வார்த்தை ஆரம்பம்னாலே காபி கா போட்டு அடிச்சுட்டு இருந்திருக்கேன்.

கடுப்பான விஷயம் என்னன்னா இந்த மாத்தம் அவங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு பாத்தா, பழைய காலத்துல ரெண்டு உயிரெழுத்துக்கு நடுவுல மாட்டின மெய்யெழுத்து தானா கனமாச்சு, நாம ‘பகல்’ல க-வை கனமா சொல்றோமே அதே வேலை. நாம வாயால செஞ்சுட்டு எழுத்துல விட்டுட்டோம், அவங்க எழுத்துலயும் போட்டுட்டாங்க.

நோட்டுல நான் கவனிச்ச ஒரே மாத்தம் ம, வ ஆகறது. அதையும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். மொத சரணத்துல மாக்ஸென்னு ஒருத்தர் வர்றாரு, அப்புறம் வாக்ஸென்னு வருது, நான் அண்ணன் தம்பின்னு நெனச்சுட்டேன். ரெண்டும் ஒரே ஆள்தான், 383ல பிரிட்டன்லேர்ந்து படையோட கிளம்பிப் போன ரோமானிய தளபதி மாக்ஸிமஸ். 1983க்கு சரியா 1600 வருஷம், பாட்டுல அந்தக் கணக்கே வருது. அதைவிட மோசம், ‘வாகி’ன்னு ஒரு பேரு வருதா, ஏதோ பழைய ராணின்னு விட்டுட்டேன். அது மாகி. மார்கரெட் தாட்சர்! ‘கெழட்டு மாகி’ன்னு சொல்றப்போ ம, வ ஆயிடுச்சு. நாட்டோட பிரதமரையும் இலக்கணம் விடல பாருங்க, எனக்கு இந்தப் பாட்டுல ரொம்பப் புடிச்ச இடமே இப்போ அதுதான். 1979 மார்ச்ல வேல்ஸுக்குத் தனி சட்டசபை வேணுமான்னு ஓட்டெடுப்பு வெச்சு பயங்கரமா தோத்துட்டாங்க, ரெண்டு மாசத்துல தாட்சர் வந்துட்டாங்க. அந்த சோர்வுல இருந்த ஜனங்களுக்கு எழுதினதுதான் இது. ஃபுட்பால் பாட்டுன்னு நெனச்சுக் கேட்டா இதெல்லாம் தெரியவே தெரியாது.

டாவித் இவான் சும்மா பாட்டுக்காரர் இல்ல. 1962 பிப்ரவரில சாண்டர்ஸ் லூயிஸ்னு ஒரு எழுத்தாளர் ரேடியோல பேசினார், இப்படியே போனா வெல்ஷ் செத்துடும்னு, அந்தப் பேச்சுக்கு அப்புறம் ஆரம்பிச்சதுதான் வெல்ஷ் மொழிச் சங்கம். இங்கிலீஷ்ல மட்டும் இருந்த ரோட்டு போர்டு மேல எல்லாம் பச்சை பெயிண்ட் அடிச்சாங்க. அந்தக் கேஸ்ல அபராதம் கட்ட மாட்டேன்னு சொல்லி 1970ல டாவித் இவான் ஜெயிலுக்குப் போனார். இன்னிக்கு நான் ஆபீஸ் போற வழில எல்லா போர்டும் ரெண்டு மொழில இருக்கு, இத்தனை நாளா அதை ஏதோ மழை மாதிரி சும்மா பாத்துட்டுப் போயிட்டிருந்தேன்.

கிளாஸ் டீச்சர்தான் சொன்னாங்க, மியூட்டேஷன் விட்டுட்டோமேன்னு கவலைப்படாத, ஒரு சுவரைப் போய்ப் பாருன்னு. அபெரிஸ்ட்வித்துக்குத் தெக்கால, லான்ரிஸ்டுட் பக்கத்துல ரோட்டோரமா ஒரு இடிஞ்ச வீட்டுச் சுவர். 1960கள்ல அதுல ‘ட்ரவெரினை நினைவில் வையுங்கள்’னு பெயிண்ட் அடிச்சவர் மைக் ஸ்டீஃபன்ஸ். ட்ரவெரின் ஒரு பள்ளத்தாக்கு, இங்கிலாந்துல இருக்கற லிவர்பூலுக்குத் தண்ணி வேணும்னு 1965ல அங்க இருந்த கப்பெல் கெலின் கிராமத்தை முழுக்க நீருக்குள்ள விட்டாங்க, ஸ்கூல், சர்ச், போஸ்டாபீஸ், பன்னெண்டு வீடு, எல்லாம். பார்லிமெண்ட்ல அந்தச் சட்டத்துக்கு ஒரு வேல்ஸ் எம்.பி. கூட ஆதரவா ஓட்டு போடல, ஆனாலும் பாஸ் ஆச்சு. லிவர்பூல் மன்னிப்பு கேட்டது 2005ல.

ஸ்டீஃபன்ஸ் பின்னாடி வெல்ஷ் இலக்கியத்துக்கே பெரிய ஆளானார், ஆனா இங்கிலீஷ் பேசற வீட்டுல வளந்து பெரியவனான அப்புறம்தான் வெல்ஷ் கத்துக்கிட்டவர். அவர் அந்தச் சுவர்ல ‘ட்ரவெரின்’னு முதல்ல எழுதினது டீச்சர் ட் போட்டு. இலக்கணப்படி டில்லி ட் வரணும், ஏன்னா அது செயப்படுபொருள். (நம்மூர் சுவர்ல ‘தமிழை காப்போம்’னு ‘க்’ இல்லாம எழுதறோமே, அதுவும் ‘ஐ’க்கு அப்புறம்தான், இதை யோசிச்சப்போ பஸ்ல தனியா சிரிச்சேன்.) இப்போ இருக்கறது திருத்தின வடிவம். 2019ல யாரோ அது மேல ‘எல்விஸ்’னு கிறுக்கினாங்க, ரெண்டு மாசத்துல சுவரோட மேல்பகுதியையும் இடிச்சாங்க, அதுக்கப்புறம் வேல்ஸ் முழுக்க அதே வாசகத்தை ஜனங்க எழுத ஆரம்பிச்சுட்டாங்க. நேர்ல பாத்தா சின்னதுதான், செவப்பு மேல வெள்ளை எழுத்து, கார்லாம் சர்ருன்னு போயிட்டே இருக்கு.

நடுவுல ஒரு கிறுக்குத்தனம். இவங்க மரபுக் கவிதைல ‘கங்ஹானெத்’னு ஒரு கட்டு இருக்கு, அதுல ஒரு வகைல அடியோட மொத பாதில வர்ற மெய்யெழுத்து வரிசையே ரெண்டாவது பாதிலயும் வரணும், எதுகை மோனை எல்லாம் இதுக்கு முன்னாடி சின்னப்புள்ளை விளையாட்டு. அதுலயும் மாறின எழுத்துதான் கணக்கு. தமிழ்ல முயற்சி பண்ணி மூணு வாரத்துல ஒரே ஒரு அடி தேறிச்சு: ‘மழை தரும், மொழி தூரம்’. ம-ழ-த-ர-ம், ம-ழ-த-ர-ம். விதியெல்லாம் முழுசா பொருந்தாது, இருந்தாலும் டீச்சர் கிட்ட காட்டினேன், அவங்களுக்கு ழ வரல, எனக்கு ரெண்டு வாரம் எச்சில் தெறிச்சதுக்கு அன்னிக்கு பழி தீந்துச்சு.

இப்போ நோட்டை புதுசா எழுதியாச்சு, கனமா வர்ற எழுத்துக்குக் கீழ எல்லாம் செவப்பு புள்ளி. மூணாவது சரணத்துல வேகம் இன்னும் வரல. அடுத்தது ‘கார்லோ’, 1969ல சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் கட்டினப்போ டாவித் இவான் பாடின கிண்டல் பாட்டு, அதுக்கு ரெண்டு பக்கம் புள்ளி வெச்சு முடிச்சுட்டேன்.