ஒட்டுவதா, மாற்றுவதா: ரயரின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ரயரில் காற்றுப் போவது புதிய சங்கதி அல்ல. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கமோ, மண்முனைப் பாலத்தின் வழியே கொக்கட்டிச்சோலைப் பக்கமோ சென்று, தார் வீதியை விட்டுக் கிறவல் பாதையில் வயலுக்கு இறங்குகிறவர்களை முள்ளும் வேலிக்கம்பித் துண்டும் கூர்ங்கல்லும் எப்போதும் எதிர்பார்த்துக் கிடக்கின்றன. மாரி காலத்தில் தொல்லை இன்னும் கூடும். நனைந்த இறப்பரில் கூரான பொருள் வழுக்கிக்கொண்டு எளிதாக இறங்கிவிடும். அதனால் பஞ்சரான ரயரை ஒட்டுவதா, மாற்றுவதா என்ற கேள்வி எங்கள் பக்கத்தில் ஓயாமல் கேட்கப்படுகிறது. அதற்கு இரண்டு அவசரப் பதில்கள் வழக்கத்தில் உள்ளன. எதையும் ஒட்டி ஓடலாம் என்பது ஒன்று. ஓட்டை விழுந்த ரயரை நம்பக் கூடாது என்பது மற்றையது. ரயரை றிம்மிலிருந்து கழற்றி உட்பக்கத்தைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலையும் நான் ஏற்பதில்லை.

முதலில் ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். வீதியில் படும் நடுப்பகுதியில், ஏறத்தாழ 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஓட்டை என்றால் அதைத் தாராளமாக ஒட்டலாம். பக்கச் சுவரில் விழுந்த ஓட்டை குண்டூசி அளவானாலும் ஒட்டக் கூடாது. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் பக்கச் சுவர் வளைந்து நிமிர்கிறது. அங்கே இறப்பர் மெல்லியது, சுமையைத் தாங்குவன உள்ளே ஓடும் நைலோன் இழைகளே. அறுந்த இழையை எந்த ஒட்டாலும் மீண்டும் இணைக்க முடியாது.

இரண்டாவதாக, காற்றுப் போன பின்னர் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் கேட்க வேண்டும். என் கணிப்பில் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். கடை அடுத்த சந்தியில்தானே இருக்கிறது என்று, பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு காற்றில்லாத ரயரிலேயே ஓடிச் செல்வதை நாளாந்தம் காண்கிறோம். அப்போது றிம்முக்கும் வீதிக்கும் இடையில் பக்கச் சுவர் நசுங்கிச் சூடேறி, உட்படலம் உராய்ந்து பொடியாகிறது. கழற்றிய ரயரின் உள்ளே கரிய இறப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தாலோ, பக்கச் சுவரின் உட்புறத்தில் சுற்றிவரச் சுருக்கம் தெரிந்தாலோ, ஓட்டை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்த ரயர் முடிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அது புதிது போலவே இருக்கும். ஆகவேதான் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

உள்ளே ரியூப் இல்லாத ரியூப்லெஸ் ரயருக்கு வெளியிலிருந்தே பசை ஏற்றிய திரியைத் துளைக்குள் செருகிவிடும் முறை இப்போது எங்கும் பரவியிருக்கிறது. புல்லுமலைப் பக்கம் வீதியில் தனியே நிற்கும் ஒருவருக்கு அது பெரும் உதவி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான வழி மட்டுமே. திரியைச் செருகுவதற்காகத் துளையை அரம் போன்ற ஊசியால் பெரிதாக்குகிறார்கள். உள்ளே நடந்த சேதத்தை யாரும் பார்ப்பதில்லை. நிலையான ஒட்டு உள்ளிருந்தே போடப்பட வேண்டும். காளான் வடிவில் இருக்கும் ஒட்டின் தண்டு துளையை அடைக்க, அதன் குடை உட்படலத்தை மூடிக்கொள்ளும். தண்டு துளையை நிரப்பாவிட்டால் தண்ணீரும் மணலும் இழைகளுக்கிடையில் புகுந்து அடுக்குகளைப் பிரித்துவிடும்.

ரியூப் உள்ள ரயர்களில் ஒட்டும் வேலை எளிதாகத் தோன்றும். ஆனால் ஒட்டுவதற்கான திரவமான சொலூசனைப் பூசியவுடனேயே ஒட்டை வைத்து அழுத்துகிற கைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சொலூசன் வெறும் பசை அல்ல. 1844 இல் சார்ள்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற வல்கனைசிங் முறையில் கந்தகமும் சூடும் இறப்பரின் மூலக்கூறுகளைப் பிணைத்தது போல, இங்கே சூடில்லாமலே ஒட்டின் அடிப்படலமும் ரியூப்பும் பிணைய வேண்டும். அதற்கு மேற்பரப்பை நன்றாக உராய்ந்து துடைத்து, பூசிய சொலூசன் ஈரம் போய் விரலில் இழுபடும் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். ரயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றிவரத் தடவி, முறிந்த முள் நுனியைத் தேடி எடுப்பதும் அதேயளவு அவசியமானது. வால்வின் அடி கிழிந்த ரியூப்பை ஒட்டவே முயலக் கூடாது. புதிய ரியூப் போடுவதே சரி.

ரயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2322 என்றால் 2022 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்து ஆண்டுகள் கடந்தால் வீதியில் படும் பகுதியின் வெட்டுக் கோலமான பூ மிஞ்சியிருந்தாலும் மாற்றவும் முன்னணி ரயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. எங்கள் வெயிலில் நாள் முழுவதும் நிறுத்தப்படும் வண்டிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இறப்பரில் வெடிப்புக் கண்டால் போதும். பூவின் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகளோடு மேற்பரப்பு சமமாகிவிட்டால், அந்த ரயருக்கு ஒட்டுச் செலவும் வீண் செலவே.

"இன்னும் ஒரு போகம் ஓடும் மனே" என்று கடைக்காரர் சொல்வதில் வஞ்சகம் இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிய ரயர் வாங்குவது சாதாரணக் குடும்பத்துக்குச் சுமை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் நல்ல ரயரை ஓர் ஓட்டைக்காக வீசச் சொல்பவர்களோடும் நான் உடன்படுவதில்லை. எனினும், பக்கச் சுவர் போன ரியூப்லெஸ் ரயருக்குள் ஒரு ரியூப்பைத் திணித்து ஓடச் சொல்வதை ஏற்கவே முடியாது. காற்று நிற்கும், அறுந்த இழை அறுந்தபடியேதான் இருக்கும். முன் சக்கரமானால் இன்னும் கடுமையாக இருங்கள். பின் ரயர் திடீரென்று காற்றிழந்தால் வண்டி அலைந்தாலும் நிறுத்த வாய்ப்புண்டு; முன் ரயர் இழந்தால் கைபிடி கட்டுப்பாட்டை விட்டுப் போய்விடும். சந்தேகமிருந்தால் முன் ரயரை ஒட்டாதீர்கள்.

மாற்றுவதென்று முடிவானால் ரியூப்பையும், ரியூப்லெஸ் என்றால் வால்வையும், சேர்த்தே புதிதாகப் போடுங்கள். ரயரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்று கடையை விட்டுப் புறப்படுமுன் பாருங்கள். புதிய ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீற்றர் வரை, சிறப்பாக மழையில், வளைவுகளில் வண்டியைச் சாய்க்காமல் மெதுவாக ஓட்டுங்கள்.